நாம் நிறுத்தப் போன பாட்டு

என் காதைச் செவிடாக்கிவிட்டுப் போன அருமை மச்சான் காஜாவுக்கு,

நலமா என்று கேட்டு எழுத வரவில்லை. போய்ச் சேர்ந்தவனிடம் எப்படி நலம் விசாரிப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் நலம்தான். இடது காது முழுசாகப் போய்விட்டது, வலது காதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. போன வாரம் காது டாக்டரம்மா, "தாத்தா, சின்ன வயசுல எங்க வேலை பார்த்தீங்க, மில்லுலயா?" என்று கேட்டாள். "இல்லம்மா, அருவியில" என்றேன். சிரித்துவிட்டு மருந்து எழுதித் தந்தாள். அந்தச் சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ என்னிடம் ஒன்று கேட்டாய். நினைவிருக்கிறதா? மூக்கில் குழாயோடு என் கையைப் பிடித்து இழுத்து, "நாம போன பொறவு அந்தப் பாட்ட யாராச்சும் பாடுவாவளாலே?" என்றாய். வாய் ஓயாத எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. பாடுவாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். ஆனால் தாளத்தில் அரை அடி பிசகினாலே முறைக்கிறவனிடம் பொய் சொல்லி எப்படித் தப்புவது? எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை மச்சான். படத்தில் வந்த பாட்டுகளே காணாமல் போகிற காலம். படத்தில் வராத, இசைத்தட்டில் ஏறாத, எழுதியவன் யார் என்று ஒரு இடத்திலும் பொறிக்கப்படாத ஒரு பாட்டு நமக்குப் பிறகும் இருக்கும் என்று எந்த தைரியத்தில் சொல்வது?

இப்போது பதில் கிடைத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் முதலிலிருந்து சொல்லிக்கொண்டுதான் வருவேன். உனக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள். கூட இருந்து படிக்கிறவர்களுக்குத் தெரியாதே.

நீ தென்காசியில் லுங்கிக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. கடையும் உண்டு, வீட்டுக்குப் பின்னால் தறியும் உண்டு. நான் இலஞ்சிக்காரன், வயல்காட்டுக் குடும்பம். பள்ளிக்கூடத்தில் சேர்ந்து உட்கார்ந்தோம், சேர்ந்து பெஞ்சுமேல் நின்றோம். முதல் தடவை உன் வீட்டுக்கு வந்தபோதே உன் உம்மா, "வா மருமவனே, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டார். அன்றையிலிருந்து நீ எனக்கு மச்சான், நான் உனக்கு மச்சான். அதற்குமேல் இரண்டு வீட்டிலும் யாரும் விசாரணை வைக்கவில்லை.

அறுபதுகளின் நடுவில் நமக்கு ஒரு இன்னிசைக் குழு இருந்தது. குழு என்று சொன்னால் பெருமையாகத்தான் இருக்கிறது. நீ பாட்டும் கிடாரும். நான் ட்ரம். மைக் செட் ராசையா அண்ணாச்சி. ஆர்மோனியத்துக்கு யாராவது ஒருவர் வருவார், கொஞ்ச நாளில் என்னிடம் கோபித்துக்கொண்டு போவார். அந்தக் கிடாரை உன் மாமா பினாங்கிலிருந்து வரும்போது கொண்டுவந்தார். அதன் வயிற்றுக்குள் ராசையா அண்ணாச்சி ஒரு பழைய டெலிபோனின் பேசுகிற மூடியைக் கட்டித் தொங்கவிட்டு, வயரைத் தன் பேட்டரி பெட்டியில் சொருகியதும், அது கிடார் மாதிரி கேட்காமல் வேறு ஏதோ மாதிரி கேட்டது. எனக்குப் பல் கூசியது. உனக்குக் கண் விரிந்தது.

அதற்குக் காரணம் அந்தப் பாழாய்ப்போன ரேடியோ. கொழும்பிலிருந்து வருகிற நிலையத்தில் ஒருநாள் மத்தியானம் ஒரு வெள்ளைக்காரன் கத்தினான். ராக் அண்ட் ரோல் என்று அறிவிப்பாளர் சொன்னார். "என்னலே இது, வயித்துவலிக்காரன் மாதிரி?" என்றேன் நான். நீ ரேடியோமேல் காதை வைத்துக்கொண்டு, "இல்ல மச்சான், இவன் யாருகிட்டயும் அனுமதி கேக்காம பாடுதான்" என்றாய். அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்தே, இனி நமக்கு நிம்மதி இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

நாம் பாடியதெல்லாம் சினிமாப் பாட்டு. கல்யாண வீட்டில் சீட்டு எழுதி அனுப்புவார்கள், இந்தப் படத்தில் வந்தது, அந்தப் படத்தில் வந்தது என்று. அது வராவிட்டால் மாப்பிள்ளை வீட்டுக்காரர் மேடைக்கே வந்துவிடுவார். நீ சொந்தமாக மெட்டுப் போட்டு ஒன்றை இடையில் நுழைத்தால், "இது எந்தப் படம்?" என்று கேட்பார்கள். படம் இல்லை என்றால் தாம்பூலம் வாங்க எழுந்துவிடுவார்கள். ஒருநாள் உன் வாப்பா கடையில் துணி மடித்துக்கொண்டே சொன்னாரே, அதை நீ சாகும்வரை சொல்லிக் காட்டினாய். "இன்னொருத்தன் பாட்ட நீ பாடுதே. அதுக்கு என் கடையில உக்காந்து இன்னொருத்தன் லுங்கிய வித்தா என்ன? உன் பாட்டுன்னு ஒண்ண இந்தக் குத்தாலச் சீசனுக்குள்ள ஊரு பாடட்டும், நான் உன்ன மறிக்க மாட்டேன். இல்லன்னா ஒழுங்கா வந்து கடையில உக்காரு."

வாப்பா திட்டவில்லை. வியாபாரம் பேசுகிற குரலில்தான் சொன்னார். அதனால்தான் உனக்குச் சுருக்கென்று தைத்தது.

சரி, பாட்டுப் போடுவோம் என்றால் எங்கே உட்கார்ந்து போடுவது? உன் தெருவில் தொழுகை நேரம் பார்த்து ஓய வேண்டும். இலஞ்சியில் என் அப்பா, ட்ரம் சத்தத்தில் மாடு பால் சுரக்கவில்லை என்று பஞ்சாயத்து வைத்தார். கடைசியில் ராசையா அண்ணாச்சிதான் குற்றாலத்து ஐந்தருவிப் பக்கத்தில் தன் சம்பந்தி வீட்டுத் தோப்பைக் காட்டினார். தோப்பில் ஒரு தேங்காய்க் கொட்டகை. அதிலிருந்து பார்த்தால் அருவி தெரியும். "இங்கன நீங்க என்ன கத்துனாலும் ஒரு பய கேக்க முடியாது" என்றார். உண்மைதான். நமக்கே கேட்கவில்லை.

சாரல் பிடித்து, ஐந்து பிரிவிலும் தண்ணீர் கொட்டுகிற நேரம் அது. அங்கே ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாது. முதல் வார்த்தை கேட்கும், மிச்சத்தை அருவி கொண்டுபோய்விடும். நீ இழைத்து இழைத்து இரண்டு மூன்று மெட்டுப் பாடிப் பார்த்தாய். ஒன்றும் என் காதுக்கு வரவில்லை. உன் முதுகைப் பார்த்துக்கொண்டு, உன் குதிகால் தரையில் விழுகிற நேரத்தில் நான் அடித்தேன். மழைக்கால இருட்டில் குதிகாலும் தெரியாமல் போனது. நான் பின்தங்கிவிட்டேன். நீ எரிச்சலில் திரும்பி, "வாலே!" என்று கத்தினாய். "வந்தாச்சு!" என்று நானும் கத்திவிட்டு ஒரு அடி போட்டேன். அடுத்து நான் முந்தி ஓடிவிட்டேன். "நில்லுலே!" என்றாய். "நின்னாச்சு!" என்று இன்னொரு அடி.

அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். நானும் உன்னைப் பார்த்தேன். நம் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உடம்பு சிலிர்த்தது. இப்போது எழுதும்போதும் எனக்குச் சிலிர்க்கிறது, பொய் இல்லை. ஒருத்தன் ஏச்சும் இன்னொருத்தன் பதிலும், அவ்வளவுதானே அது? அதை யார் பாட்டாக மாற்றினார்கள்? நீயா, நானா, அந்த அருவியா? எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிற வரிகள்தான் அருவிக்குத் தப்பிக்கும் என்று தெரிந்ததும், நீ அதற்கேற்றபடி கட்டினாய்.

வாலே! – வந்தாச்சு!
நில்லுலே! – நின்னாச்சு!
குனிலே! – குனிஞ்சாச்சு!
நனைஞ்சாச்சுலே, நனைஞ்சாச்சு,
இனி எதுக்குக் குடை?

மேகம் யாரு வீட்டுது?
மலை யாரு வீட்டுது?
தலையில விழுந்த தண்ணி மட்டும்
நம்ம வீட்டுது, நம்ம வீட்டுது!

நடுவில் அந்த டெலிபோன் கிடார் கரகரவென்று அறுக்கும். சாரல் ஈரம் ஏறி ராசையா அண்ணாச்சியின் குழாய் ஸ்பீக்கர் தொண்டை கட்டிக் கிடந்தது. சரிபண்ணட்டுமா என்று அவர் கேட்டதற்கு, தொட்டால் கையை ஒடிப்பேன் என்றாய். ஆடி முழுக்க அதையே அடித்தோம். உன் குரல் இழைந்து பாடுகிற குரலாக இருந்தது. ஆடி முடியும்போது கரும்பாறையில் உரசின குரலாக ஆகிவிட்டது. உம்மா உனக்கு மிளகும் பனங்கற்கண்டுமாகக் கொடுத்துப் பார்த்தார். குரல் திரும்பவில்லை. நல்லவேளை, திரும்பவில்லை.

முதல் கச்சேரி ஆவணியில், எங்கள் இலஞ்சியிலேயே ஒரு கல்யாணத்தில். அங்கேதான் நாம் அந்தத் தப்பைச் செய்தோம். அருவிக்கரையிலேயே கிடந்து பழகிய நமக்கு, வெளி உலகம் எவ்வளவு அமைதியானது என்பது மறந்துவிட்டது. தோப்பில் நம் குரல் அருவிக்கு மேலே கேட்கிற இடத்தில் ராசையா அண்ணாச்சி ஆம்ப்ளிஃபயர் குமிழில் அடையாளத்துக்குச் சுண்ணாம்பு வைத்திருந்தார். கல்யாண வீட்டிலும் பழக்க தோஷத்தில் குமிழைச் சுண்ணாம்புவரை திருப்பினார். நீ அருவியில் கத்துகிறபடியே கத்தினாய். நானும் அருவியில் அடிக்கிறபடியே அடித்தேன்.

பந்தல் அதிர்ந்தது மச்சான். பந்தி நடந்துகொண்டிருந்தது. ஒருவர் இலையில் பாயசம் நிற்காமல் ஓடியது. பக்கத்துத் தொழுவில் கன்று ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாகப் பிறகு சண்டைக்கு வந்தார்கள். எனக்கே பயத்தில் ஒரு குச்சி கையை விட்டுப் பறந்துவிட்டது. நீ அடுத்த வரியைக் கத்திவிட்டாய். "நில்லுலே!" நான் பதில் சொல்ல வேண்டிய இடம். நானோ குச்சியைத் தேடிக்கொண்டு மேடையில் தவழ்ந்துகொண்டிருக்கிறேன். செத்தோம் என்று நினைத்தேன்.

அப்போது பந்தி நடுவிலிருந்து, சாம்பார் வாளியோடு நின்றிருந்த ஆட்கள் சேர்ந்து கத்தினார்கள். "நின்னாச்சு!"

உண்மையிலேயே நின்றிருந்தார்கள், வாளியும் கையுமாக. பந்தல் முழுக்கச் சிரிப்பு. நீ விடவில்லை. "குனிலே!" என்றாய். "குனிஞ்சாச்சு!" என்று இலையில் இருந்தவர்கள் பாதிப் பேர். மூன்றாம் சுற்றில் எனக்குக் குச்சியே தேவைப்படவில்லை. பாடி முடித்ததும் மாப்பிள்ளையின் சித்தப்பா மேடைக்கு ஏறி வந்தார். எந்தப் படம் என்று கேட்கப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்தேன். அவர், "தம்பி, அத இன்னொருக்கப் பாடுதியளா?" என்று மட்டும் கேட்டார். நீ திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எனக்கு எழுத வராது.

அதற்குப் பிறகு நடந்தது எதிலும் நம் கை இல்லை. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற சுடலை அண்ணாச்சியும் அவர் ஆட்களும் முதலில் பிடித்துக்கொண்டார்கள். குளிக்க வந்தவர் முதுகில் ஓங்கி அடிப்பார்கள். "குனிலே!" அடி வாங்கினவர், "குனிஞ்சாச்சு!" செங்கோட்டை வழியாக வந்த மலையாளத்துக்காரர்கள் அவர்கள் நாக்குக்கு வளைத்துப் பாடிக்கொண்டு மலையேறினார்கள். சீசன் பஸ்ஸில் கூரை பிய்த்துக்கொண்டு போகும். உன் வீட்டுத் தறியிலேயே நாடா ஓடுகிற வேகத்துக்கு அதைப் பாட ஆரம்பித்தார்கள். கடையில் துணி மடிக்கும்போது வாப்பாவின் விரல் எந்தத் தாளத்தில் போகிறது என்று நான் பார்த்தேன். உனக்குச் சொன்னேன். நீ நம்பவில்லை.

அடுத்த சீசனில் சினிமாக்காரர்கள் குற்றாலத்துக்கு ஷூட்டிங் வந்தார்கள். பேரருவியின் கீழே ஒரு பெருங்கூட்டம் ஒரே குரலில் இதைப் பாடுவதை அவர்களில் ஒருவர் கேட்டிருக்கிறார். விசாரித்துக்கொண்டு உன் கடைக்கே காரில் வந்து இறங்கினார். வெள்ளைப் பேண்ட், கறுப்புக் கண்ணாடி. கல்லாப் பக்கத்தில் அவருக்கு ஸ்டூல் போட்டோம்.

"தம்பி, டியூன் ரொம்பப் புதுசா இருக்கு. படத்துல வெச்சுக்கறோம். நீங்க மெட்ராஸ் வந்துடுங்க, வாத்தியக் குழுவுல கிடாருக்கு இடம் இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான். படம் வர்ற வரைக்கும் இந்தப் பாட்டு வெளியில கேக்கக் கூடாது. ஜனங்க தியேட்டர்லதான் முதல்ல கேக்கணும். நாங்க இங்க ஒரு வாரம் இருப்போம். அதுக்குள்ள இதை நிறுத்திட்டு வாங்க, கூடவே கூட்டிட்டுப் போறேன்."

மெட்ராஸ். கிடார். நீ வேறு என்ன கேட்டாய் வாழ்க்கையில்? அவர் கார் திரும்புவதற்குள் நீ சைக்கிளை எடுத்துவிட்டாய். நான் கேரியரில். ஊர் பாடுகிற பாட்டை நிறுத்துவதற்காக இரண்டு பேர் சைக்கிளில் கிளம்பிய கதை வேறெந்த ஊரிலாவது உண்டா? நமக்கு அது கிறுக்குத்தனமாகவே படவில்லையே, அதுதான் ஆச்சரியம். நம்ம பாட்டு, நம்ம ஆட்கள், சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்தோம்.

முதலில் உன் தெரு. நூல் சுற்றுகிற பெண்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். "மெட்ராஸ்ல வேலையா ராசா? நல்லா இரு. இனிமே பாடல." நாம் தெருமுனை திரும்புவதற்குள் பின்னால் "வந்தாச்சு!" கேட்டது. அவர்கள் நினைத்துப் பாடவில்லை, கை சுற்றினால் வாயில் தானாக வந்துவிடுகிறது. பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரிடம் சொன்னாய். "நான் டிக்கெட் கிழிப்பேனா, வாயப் பொத்துவேனா?" என்றார். அங்கே நின்றவர்கள், "எந்தப் பாட்டப் பாடக் கூடாதாம்?" என்று கேட்டார்கள். பக்கத்தில் இருந்தவர்கள், இந்தப் பாட்டுதான் என்று பாடிக் காட்டினார்கள். அதுவரை தெரியாதவர்களுக்கும் அன்றைக்குத் தெரிந்துவிட்டது.

கடைசியாக அருவிக்கரை. சுடலை அண்ணாச்சியின் காலைத்தான் நீ பிடிக்கவில்லை. "அண்ணாச்சி, படம் வார வரைக்கும் பாடாதீய. என் வாழ்க்கை அண்ணாச்சி." அவர் எண்ணெய்க் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு பேரருவியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "நான் நிறுத்துதேம்லே. நீ மொதல்ல இவள நிறுத்து. இவ விழுத சத்தத்துல அந்தப் பாட்டு தானா வாயில வருது, நான் என்ன செய்யட்டும்?" அவர் கேலி செய்யவில்லை. பாவம்போலத்தான் சொன்னார்.

அந்த வாரம் முழுவதும் நீ நிறுத்திப் பார்த்தாய், ஊர் இன்னும் பலமாகப் பாடியது. சினிமாக்காரர்கள் கிளம்பும் நாள் கடை வாசலில் பெட்டியோடு நின்றாய். முன்னால் வந்த கார் உன் பக்கத்தில் மெதுவாகப் போனது. கறுப்புக் கண்ணாடிக்காரர் உன்னைப் பார்த்தார், பின்னால் வந்த வேனைக் கையால் காட்டினார், உதட்டைப் பிதுக்கினார், போய்விட்டார். வேனில் இருந்த அவருடைய லைட் பாய்களே ஜன்னலில் தட்டிப் பாடிக்கொண்டு போனார்கள். "நனைஞ்சாச்சுலே, நனைஞ்சாச்சு!"

நீ அழுவாய் என்று நினைத்தேன். வேன் போன பாதையையே பார்த்துக்கொண்டு, "மச்சான், அது என் பேச்சக் கேக்க மாட்டேங்கு" என்றாய். பிறந்த பிள்ளை நடந்து போவதை முதல் தடவை பார்க்கிறவன் முகம் அப்படித்தான் இருக்கும். துக்கம் இருந்தது. ஆனால் துக்கத்துக்கு மேலே வேறொன்றும் இருந்தது. எனக்கு உன்னைப் பார்க்கவே பயமாக இருந்தது.

வாப்பாதான் வெளியே வந்து பெட்டியைத் தூக்கினார். "நான் ஊரு பாடுத மாதிரி ஒரு பாட்டு கேட்டேன். நீ யாரும் நிறுத்த முடியாததா ஒண்ணச் செஞ்சு வச்சிருக்கே. நான் உன்ன மறிக்கல. ராத்திரிக் கச்சேரிக்குப் போ, பகல்ல கடையில இரு." சொல்லிவிட்டு உள்ளே போய் உனக்கு டீ வரவழைத்தார். அவ்வளவு நீளமாக அவர் உன்னோடு பேசி நான் பார்த்ததில்லை.

அப்படித்தான் நீ லுங்கி விற்றாய். நான் வயலைப் பார்த்தேன். கேசட் வந்தது, குழு கலைந்தது, ராசையா அண்ணாச்சி மைக் செட்டை விற்றுவிட்டுக் கண்ணை மூடினார். பாட்டு மட்டும் போய்க்கொண்டே இருந்தது. ஓட்டுக் கேட்கிற ஜீப்பில் எதிரெதிர்க் கட்சிகள் இரண்டும் அந்த மெட்டில் வார்த்தையை மாற்றிப் பாடின. பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ்களில் பாடினார்கள். பந்து விளையாட்டில் கோல் விழுந்தால் பாடினார்கள். வார்த்தையைத் தப்பாகப் பாடுகிற பயல்களை நான் மறித்து நிறுத்தித் திருத்துவேன். "விடு மச்சான், உனக்கென்ன?" என்று நீ என் சட்டையைப் பிடித்து இழுப்பாய். யார் பாட்டு என்று ஒருத்தனும் கேட்டதில்லை. அது எனக்குத்தான் எரிந்தது, உனக்கு எரிந்ததா இல்லையா என்று நீ கடைசிவரை காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் மெட்ராஸ் உனக்குள் இருந்தது. எனக்குத் தெரியும். நல்ல மழை நாளில், "படத்துல வந்திருந்தா நிலைச்சிருக்கும், என்ன மச்சான்?" என்பாய். போன சீசனில் ஐந்தருவிக்கரையில் பாதி நாள் உட்கார்ந்திருந்தோம். இளவட்டங்கள் வந்தார்கள், குளித்தார்கள், கையை உயர்த்திப் போனில் படம் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தரும் பாடவில்லை. திரும்பும்போது நீ ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தைத்தான் ஆஸ்பத்திரியில் கேள்வியாகக் கேட்டாய்.

இனி என் செய்தி.

இந்த ஆனியில் கடையத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பினேன். பக்கத்து இருக்கையில் ஒரு பெண், மடியில் கைக்குழந்தை. அவள் என் வலது பக்கம் இருந்தது என் அதிர்ஷ்டம். கொஞ்ச தூரம் போனதும் குழந்தை அவள் சேலையை நனைத்துவிட்டு அழ ஆரம்பித்தது. அவள் சிரித்துக்கொண்டே துணியை மாற்றினாள். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு, ரொம்ப மெதுவாக ஏதோ பாடினாள். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. முன்கம்பியில் இருந்த என் விரல் தாளம் போட ஆரம்பித்த பிறகுதான் காதுக்கு விளங்கியது.

வாலே... வந்தாச்சு...
மடியில... படுத்தாச்சு...
நனைஞ்சாச்சுலே நனைஞ்சாச்சு...
இனி எதுக்குக் குடை...

பந்தலை அதிரவைத்த அந்தக் கத்தலை, ஒரு பச்சைப் பிள்ளையின் காதுக்குள் ஒருத்தி மூச்சுக்காற்றாகப் பாடுகிறாள். அதற்குள் இப்படி ஒரு மெதுவான பாட்டு இருந்தது என்று உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது.

"ஏம்மா, இது என்ன பாட்டு?" என்றேன்.

"பிள்ளைப் பாட்டு தாத்தா."

"எந்தப் படத்துல வந்துது?"

"படத்துலயா? இது படத்துப் பாட்டு இல்ல தாத்தா. எங்களுக்குச் சிவகிரி. எங்க அம்மையப் பெத்த ஆச்சி பாடுவாளாம், அம்ம எனக்குப் பாடுனா, நான் இவனுக்குப் பாடுதேன்."

"யாரு எழுதினதும்மா?"

அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "இதெல்லாம் ஒருத்தரு உக்காந்து எழுதுவாவளா? இது எப்பவும் உள்ளதுதான தாத்தா."

விடுவேனா நான்? "எழுதினவன எனக்குத் தெரியும்மா, என் மச்சான்தான், தென்காசில லுங்கிக் கடை வச்சிருந்தான்" என்று சொல்லிவிட்டேன். பேரருவியைக் கட்டின கொத்தனார் என் மச்சான் என்று நான் சொல்லியிருந்தாலும் அவள் அப்படித்தான் பார்த்திருப்பாள். "சரி தாத்தா, வெயிலு இந்தப் பக்கம் அடிக்கி, கொஞ்சம் தள்ளி நல்லா உக்காருங்க" என்று தன் பையை எடுத்து எனக்கு இடம் விட்டாள்.

மடியில படுத்தாச்சு என்று நீ எழுதவே இல்லை. நாக்கு நுனிவரை வந்தது, திருத்தவில்லை. "இன்னொருக்கப் பாடும்மா" என்று மட்டும் கேட்டேன். பாடினாள். பிள்ளை தூங்கிவிட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பித் தென்காசி வரும்வரை அழுதேன். உன்னை அடக்கம் செய்ய மய்யித்தைத் தூக்கிய அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை.

எப்பவும் உள்ளதுதான் என்று அவள் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன் மச்சான். அது இல்லாத நாளை நாம் இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம். அது இல்லாத நாள் என்று ஒன்று இருந்தது என்பதையே அந்தப் பெண் நம்பவில்லை. படத்தில் வந்திருந்தால் படத்தின் பெயரைச் சொல்லியிருப்பாள், பாடினவர் பெயரைச் சொல்லியிருப்பாள், எந்தக் காலத்துப் பாட்டு என்றும் சொல்லியிருப்பாள். இப்போது அதற்கு வயதே இல்லை. லுங்கிக் கடையில் உட்கார்ந்திருந்த என் மச்சான் எத்தனை பெரிய காரியத்தைச் செய்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. உன்னோடு எத்தனை நாள் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேன்! அப்போதெல்லாம் உன்னை இன்னும் கொஞ்சம் நன்றாகப் பார்த்திருக்கக் கூடாதா?

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். பாடுகிறார்கள். உன்னைத் தெரியாமலே பாடுகிறார்கள். நானும் வந்த பிறகு, நம் இரண்டு பேரையும் தெரியாமலே பாடுவார்கள்.

ஒரு வாக்குத் தருகிறேன். யார் பாட்டு என்று கேட்கிறவர்களிடம், இந்த மூச்சு இருக்கிறவரை உன் பெயரைச் சொல்வேன், நம்பினாலும் நம்பாவிட்டாலும். கேட்காமல் பாடுகிறவர்களை, எந்த வார்த்தையை எப்படி மாற்றிப் பாடினாலும், இனி மறிக்க மாட்டேன்.

உன் உம்மா வாயால் உறவான,
உன் மச்சான் சம்முகம்,
இலஞ்சி.